நாற்பத்தேழாம் இணைப்பு

முதலில் ஒரு ஊசித்துளை.
அதைச் சுரண்டிய பள்ளத்தில்
சரியாக உருகாமல் விட்ட ஒரு மயிரிழை.
மயிரிழையைத் தோண்டி நிரப்பிய இடத்துக்குக்
கட்டைவிரல் அகலம் தள்ளி, மூன்றாவதாக, ஒரு கீறல்.
பட்ட காலிலே படும் என்பது கொஞ்சம் தப்பு.
பட்ட காலுக்குப் பக்கத்தில் படும்.

மெஹியோனஸ் விரிகுடா ஓரத்தில்
கடலை உப்பிறக்கி அனுப்பும் ஆலை எங்களுடையது.
இங்கே கிளம்பும் தண்ணீர்
மழையை மறந்துவிட்ட பாலைவனத்தில் மேடேறி
செம்புச் சுரங்கத்தில் போய்த்தான் மூச்சு விடும்.
குழாய்க்குள் நல்ல தண்ணீர்.
வெளியே, விடியற்காலைகளில்,
காமன்சாக்கா என்று நாங்கள் சொல்லும் கடல்மூட்டம்.
எவர்சில்வர் மேல் விரல் வைத்து நக்கினால்
கரிக்கும்.

எலெயுத்தேரியோ சோக்கே வெல்டிங் போட்டால்
பாம்பின் அடிவயிறு மாதிரி வரி வரியாய்ப் படியும்.
ஓரங்களில் வைக்கோல் மஞ்சள், ஊதா,
அப்புறம் மயில்கழுத்து.
மேஸ்திரி தாப்பியா அதைப் படமெடுத்து
மனைவிக்கு அனுப்பினான்.
எனக்கு அந்த நிறங்கள் டிகிரிக் கணக்கு.

இரவில் கதிர் பாய்ச்சி
காலையில் ஈரப் பிலிமை விளக்குப் பெட்டியில் விரிப்பது
என் வேலை.
துளை தெரியும், கசடு தெரியும், கீறல் தெரியும்.
சூடு தெரியாது.
ஒவ்வொரு தீயிலும்
கார்பன் மெதுவாய் நடந்து எல்லைக்கோட்டுக்குப் போகிறது,
மணிக்கும் மணிக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்துக்கு.
அங்கே குரோமியத்தைக் கட்டிக்கொள்கிறது.
கட்டிக்கொண்டது காவலுக்கு உதவாது.
மணிகள் வீங்குகின்றன. உள்ளே இழுவை ஏறுகிறது.
மேலே பளபளப்பு
அப்படியே இருக்கிறது.

"நாளை சாயங்காலம் தண்ணீர் ஏறணும்," என்றான் தாப்பியா.
"நாலாவது தடவை நிரப்பு.
பிலிம் சுத்தமா வந்தா யாஸ்னா கையெழுத்துப் போடுவா."
சுத்தமாகத்தான் வரும்.
சோக்கேயின் கை அப்படி.

சோக்கே முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான்.
குழாயை உள்ளங்கையால் தடவினான்,
காய்ச்சல் பார்ப்பவன் போல.
"ரம்பம் கொண்டு வாங்க," என்றான்.

தாப்பியா சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.
"ஒரு முழம் அறுத்துப் புதுசு வைத்தால்
ஒரு இணைப்புக்கு ரெண்டு இணைப்பு ஆகுமே!"
"ஆகட்டும்.
அதுங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

வெட்டியதை அந்தொபகஸ்தாவில் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம்.
ஒரு கீற்றை உருளை மேல் வைத்து வளைத்தார்கள்.
பாதி வளைவில் வாய் பிளந்தது,
முற்றிய பட்டாணித் தோடு போல,
சின்னச் சத்தத்துடன்.
இன்னொரு கீற்றை அமிலத்தில் நனைத்து
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தபோது
ஒவ்வொரு மணியைச் சுற்றியும் கறுப்பு அகழி.

ஞாயிற்றுக்கிழமை
இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான் சோக்கே.
ஒரு கண்ணை மூடி நெடுநேரம் குனிந்திருந்தான்.
"இதுல என்னுது எது?"
நடுவிலிருப்பது, என்றேன். அதில் ஒரு குறையும் இல்லை.
"உடைஞ்சது?"
பக்கத்திலிருப்பது. உருகவே உருகாத பகுதி.
"நான் தொடாத இடம்."
நீ தொடாத இடம்தான்.
அதற்குமேல் அவன் கேட்கவில்லை.
மேஜையில் கிடந்த வளைந்த கீற்றை எடுத்து
நேராக்கிப் பார்த்தான், முடியுமா என்று.
முடியவில்லை. வைத்துவிட்டான்.

சாந்தியாகோவிலிருந்து படிவம் வந்தது.
வெல்டர் பெயர் எழுத ஒரு கட்டம்.
இரண்டுக்கு மேல் பழுது பார்க்கக் கூடாது
என்பது எங்கள் சொந்த விதி.
மூன்றாவதற்குச் சிறப்பு அனுமதி என்று
பச்சை மையில் கையெழுத்திட்டது நான்.
அன்றைக்கும் ஏதோ ஒரு சாயங்காலம்
தண்ணீர் ஏற வேண்டியிருந்தது.

கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.
"நீ வெல்டர் இல்லையே," என்று தொலைபேசியில் கேட்டார்கள்.
இல்லை, என்றேன்.
ஜன்னலில் மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.
புது இணைப்புகள் இரண்டும்
எட்டு நாள் பழையவை.