கல் கழித்து

களியக்காவிளைச் சந்தைக்கு எதிரே
மாடியில் இருக்கிறது எங்கள் கிளை.
கீழே கோழிக்கடை, மேலே தங்கக்கடன்.
எண்ணெய் விலை விழுந்த சேதி
பேப்பருக்கு முன்னால்
என் கவுண்டருக்கு வந்துவிடும்.

முதலில் கம்மல் வந்தது.
அப்புறம் பிள்ளைகளின் மோதிரம்,
பெயரெழுத்து பாதி தேய்ந்தது.
நெக்லஸ் வந்தால்
ரிக்கில் சம்பளத்தைக் குறைத்திருக்கிறார்கள்.
வளையல் ஆறும் ஒன்றாக வந்தால்
ஆளையே அனுப்பிவிட்டார்கள்.

ஊரம்பு, கொல்லங்கோடு, மேல்புறம், பளுகல்.
பெண்கள் காரணம் சொல்வார்கள்
நான் கேட்காமலே.
"மாடி வார்க்கணும்."
"நாத்தனாருக்குக் கல்யாணம்."
படிவத்தில் விவசாயம் என்று எழுதுவேன்.
அதற்கு வட்டி குறைவு.

உரைகல்லில் ஒரு கோடு,
அமிலம் ஒரு சொட்டு,
பிறகு தராசு.
கல் கழித்து, அரக்கு கழித்து,
அழுக்கும் கொஞ்சம் கழித்து
எடை சொல்வேன்.
சிலர் சண்டை போடுவார்கள்.
சண்டை போடுகிறவள் வீட்டில்
இன்னும் அரிசி இருக்கிறது.

பிறைட்சிங் கடலிலிருந்து பேசினான்,
பின்னால் ஏதோ இரைந்தது.
சம்பளத்தில் கால்பங்கு பிடிக்கிறார்களாம்.
"பரவாயில்ல, வேல உண்டுல்லா."
அடுத்த மாதம்
இருபத்தெட்டு நாள் வேலை
நாற்பத்திரண்டு நாளானது.
"பரவாயில்ல, சாப்பாடு கம்பெனிக்கதுல்லா."
அதற்கடுத்த மாதம்
திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி
கையில் ஹெல்மெட்டோடு வந்தான்.
அதை மட்டும் திருப்பிக் கேட்கவில்லையாம்.

வீட்டிலும் இரவு ஷிப்ட் தொடர்கிறது.
இரண்டு மணிக்கு எழுந்து கட்டன்சாயா போடுகிறான்.
பலாவில் ஏணி சாய்த்தால்
சுற்றிலும் சிவப்பு நாடா கட்டி
மகனை அந்தப் பக்கம் விடுவதில்லை.
சேதாரமின்றி முதல் சக்கை இறங்கியதும்
நாங்கள் கைதட்டினோம்.
அன்றைக்குத்தான் சிரித்தான்.

காலையில் மொபைலில் பீப்பாய் விலை.
"இவ்வளவு விழுந்தும்
பம்பில ஒரு ரூவா கொறஞ்சுதா?"
என்னிடம் இல்லை,
ஸ்கூட்டரிடம் கேட்கிறான்.
ரப்பர் ஷீட்டும் கூடவே விழுந்தது.
கடலில் சரிந்தது
மலைவரை ஏறி வந்திருக்கிறது.

என் நகையை என் கிளையில் வைக்கலாம்.
விதி இருக்கிறது,
மேனேஜர் கையெழுத்துப் போடுவார்.
சாயங்காலத்துக்குள் றோஸ்லெட் அறிவாள்,
ஞாயிறு ஆராதனைக்குள் சபை அறியும்.
சனிக்கிழமை அரைநாள் லீவு எடுத்து
இஞ்சிவிளை தாண்டி
பாறசாலைக்குப் பஸ் ஏறினேன்.
கொஞ்ச தூரம்தான்,
டிக்கெட்டில் எழுத்து மாறும்.

அங்கே கவுண்டரில் இருந்தவள்
தலை நிமிர்ந்தாள்.

ஆறு வளையல்.
இரண்டில் ஒரே இடத்தில் கீறல்.
போன ஓணத்துக்கு முந்தின வாரம்,
"வீட்டுப் பணி" என்று சொன்னவள்.
எனக்கு வளையல்தான் முதலில் ஞாபகம் வந்தது,
பிறகுதான் முகம்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
மாலையை வாங்கினாள், உரைத்தாள்,
தட்டில் வைத்து, எடுத்து,
முள் நிற்கக் காத்திருக்கும் பழைய பழக்கத்தில்
மறுபடி வைத்தாள்.
இப்போது முள் எந்தத் தராசிலும் இல்லை.
நானும் அப்படித்தான் வைப்பேன்.

கல்லுக்கு ஒன்றரை கிராம் கழித்தாள்.
ஒன்று போதும்.
எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று
அவளுக்கும் தெரியும்.

சண்டை போட்டேன்.
மலையாளத்தில் தொடங்கித்
தமிழில் முடித்தேன்.
வரிசையில் நின்றவர்கள்
செருப்பைப் பார்த்தார்கள்.

ஒன்று என்று திருத்தினாள்.
காரணம் என்ற கட்டத்தில்
என்னைக் கேட்காமலே
கிருஷி என்று எழுதினாள்.

திரும்பும் பஸ்ஸில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மொத்தம் ஐந்து சென்ட்.
வீடு கழித்து, கிணறு கழித்து,
வழி கழித்து
ஒரு பலா நிற்கிறது.