மூன்று பத்துக்கு வருகிறவர்

மேலிடத்துக் கடிதத்தில் நாலே வரி:
செய்திக்குழுக்களைப் படிப்போர்
நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை,
பிப்ரவரி முதல் தேதியோடு நிறுத்துக.
எங்கள் டுலூத்தில் அந்த ‘ஒருவர்கூட இல்லை’
நூற்றுப் பதினேழு பேர்.
எண்ணிப் பார்த்தவன் நான்தான்,
யாரும் எண்ணச் சொல்லவில்லை.

சர்வர் அறையில் எனக்கு இரவுப் பணி.
வெளியே ஏரி உறைந்து
தாதுக் கப்பல்கள் கரையோடு ஒட்டிக் கிடக்கும்.
மூலையில் அந்தப் பழைய பெட்டி
மூச்சிரைக்க நாற்பதாயிரம் குழுக்களைச் சுமந்தது.
பாதிக்கு மேல் குப்பைதான்:
மாத்திரை விளம்பரம், வசவு,
ஆளில்லாமல் விளக்கு மட்டும் எரியும் குழுக்கள்.

காது இரைச்சல்காரர்களுக்கும் ஒன்று இருந்தது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்,
இவர்கள் காதில் ஊதிய சங்கு
ஓய்ந்தபாடில்லை.

லோர்னா கூசிஸ்டோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்:
‘இன்றும் கெட்டில் கொதிக்கிறது,
இறக்கி வைக்க அடுப்பைக் காணோம்.’
தண்டர் பேயிலிருந்து காஸ்டன்:
‘எனக்கு உயரழுத்த மின்கம்பி.’
இரண்டு மணி நேரம் கழித்து
லுப்லியானாவில் விடிந்து நேஜா எழுதுவாள்:
‘ஃபேனைப் போட்டுப் படுங்கள்.
அமைதிதான் நமக்கு ஆகாது.’

மூடப்போகிறோம் என்று நானே எழுதிப் போட்டேன்.
வேறு நிறுவனத்தில், மாதம் மூன்று டாலருக்கு,
இதே குழு, இதே ஆட்கள், கிடைக்கும் என்றும்.
லோர்னா எழுதினார்:
‘மூடுவது ஒரு கதவு, வீடு அல்ல.’
காஸ்டன் விடவில்லை:
‘ஒவ்வொருவரும் தன் கதவை மூடினால்
வீட்டுக்குள் நாம் இருப்போம், சரி.
நேற்று ராத்திரி முதன்முதலாகக் காது கத்தியவன்
எந்த வழியாக வருவான்?’
அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.
பேச்சு தலையணைக்கு மாறிவிட்டது.

எனக்கு வேறொருவர் நினைவு.
ஆறு வருடமாக, தினமும் மூன்று பத்துக்கு,
இந்த ஊரிலிருந்தே வந்து
எல்லாவற்றையும் படித்துவிட்டு
ஒரு சொல் எழுதாமல் போகிறவர்.
லோர்னாவுக்கு அவரைத் தெரியாது.
அவர் இருப்பதே தெரியாது.
குடிபெயர்வோர் பட்டியலில்
பேசாதவர் பெயரை யார் சேர்ப்பது?
நான் நினைத்தால் முகவரி எடுக்கலாம்.
எடுத்தால் வேலை போகும்.
எடுக்கவில்லை. அதில் பெருமையும் இல்லை.

நள்ளிரவில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.
பனிமேல் பழி போட்டுத் தாமதித்தேன்.
மூன்று பத்துக்கு வந்தார்.
பதினோரு மடல்கள்.
என் அறிவிப்பையும் திறந்தார்.
நான்கு நிமிடம்.
படித்தாரா, தூங்கிப்போனாரா,
பதிவேடு அதைச் சொல்லாது.

மூன்று இருபத்தைந்துக்கு அணைத்தேன்.
விசிறி நின்றது.
அறை இவ்வளவு சும்மா இருந்து
நான் கேட்டதே இல்லை.

காலையில் வந்த மெரிட்
காலி இடத்தில் காப்பி மெஷினை வைக்கலாமே என்றான்.
அளந்து பார்த்தோம்.
சரியாகப் பொருந்தியது.