முப்பத்தேழரை

டூங்காபியில் அன்று நாற்பத்தொரு டிகிரி.
பள்ளி மூட இன்னும் ஒன்பது நாள்.
ஒன்று-பி வகுப்பில், சுவர் சுவிட்சின் மேல்
மெழுகுக் கலரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்:
அணைக்காதீர்கள், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆட்கள் பன்னிரண்டு பேர்.
வாடகைக்கு வந்தவர்கள், பெட்டியோடு.
ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு சிறு விசிறி,
முப்பத்தேழரை என்று சிவப்பில் ஓர் எண்.

பெயர்ப் பட்டியல் பக்கத்திலேயே.
பில்லி, கேப்டன், சமோசா, கெவின்.
நகெட் என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
ஆசிரியை அதை மட்டும் அடித்துவிட்டு
சன்னி என்று எழுதியிருந்தார்.
வாக்குவத்தை இழுத்துக்கொண்டே சிரித்தேன்.
என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
எண்ணெயில் விட்டாலும் பொரியும்,
இளஞ்சூட்டில் வைத்தாலும் பொரியும்.
யாரிடம் சொல்வது,
ஆறு மணிக்கு மேல் இந்தக் கட்டடத்தில்
நானும் பதினாறு குப்பைக்கூடைகளும்.

புதன்கிழமை தெற்கிலிருந்து காற்று திரும்பியது.
ஆலங்கட்டி, தகரக் கூரையில்
யாரோ கரண்டியால் அடிப்பதைப் போல.
ஏழு பத்துக்குக் கரண்ட் போனது.
சிவப்பு எண் இல்லை.
விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

ஆசிரியையின் நம்பர் என்னிடம் கிடையாது.
சூப்பர்வைசரின் நம்பர் இருந்தது,
அவரிடம் முட்டையைப் பற்றி என்ன பேசுவது.

தொலைந்த பொருள் கூடையில்
குளிர்காலத்து ஸ்வெட்டர்கள் ஏழு கிடந்தன.
ஒவ்வொன்றாகப் பெட்டியின் மேல் போர்த்தினேன்.
போதாது போலிருந்தது.
குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.
என்னிடம் இருந்தது முப்பத்தேழு.
அரை டிகிரி கடன்.

(பகல் முழுக்க வெந்த அறை.
நான் இல்லாமலே அவை பிழைத்திருக்கும்.
இது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.)

முக்கால் மணி நேரம்.
பெட்டிக்குள் சத்தம் கேட்டது.
ஓடு எதுவும் உடைந்திருக்கவில்லை,
உள்ளிருந்தபடியே பேசிக்கொள்கிறார்கள்,
பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் மாதிரி.
செல்போன் வெளிச்சத்தில் ஏழாம் நம்பர் முட்டையில்
ஒரு மிளகளவு விரிசல்.
கரண்ட் வந்தது. நான் எழுந்தேன்.
நேரத்தாளில் 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
'மழை' என்று எழுதினேன்.

வியாழன் மாலை கரும்பலகை நிறைய
பதினொன்று, பதினொன்று, பதினொன்று.
மஞ்சள் விளக்கடியில் ஈரம் காயாத பஞ்சுகள்
ஒன்றின் காலில் ஒன்று தடுக்கி விழுந்தன.
சுவரில் புதிதாய் ஒரு தாள்,
எமிலியோ எழுதியது, எழுத்துப் பிழைகளோடு:
ஜூலையில் தொலைந்த என் ஸ்வெட்டர்
கோழிக்குஞ்சுகளிடம் இருந்தது.
அவை திருப்பிக் கொடுத்துவிட்டன.

கெவினைப் பற்றிப் பட்டியலில்
ஆசிரியையின் கையெழுத்து:
கெவின் முன்னதாகவே பண்ணைக்குப் போய்விட்டான்.

குப்பைக்கூடையில் இருந்தான் கெவின்.
நான்கு மடிப்புக் காகிதத் துண்டில் சுற்றி
அதன் மேல் ஆரஞ்சுத் தோல் போட்டு மறைத்து.
கையில் எடுத்தேன், கனமாகத்தான் இருந்தான்.
கணக்குப் பரீட்சைதோறும் முட்டை வாங்கி
வருஷம் முழுக்கக் கேட்ட பட்டப்பெயர் ஒன்று உண்டு எனக்கு.
கூமுட்டை, என்றேன் அவனிடம்.
திட்டுவதைப் போல வரவில்லை.
பையின் வாயை இரண்டு முடிச்சாகக் கட்டினேன்.

கடைசி நாள்.
பெட்டியும் குஞ்சுகளும் வேனில் போய்விட்டன.
நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன.
அலமாரிக்கடியில் கொஞ்சம் மஞ்சள் பிசிறு,
வாக்குவம் ஒரு மூச்சில் இழுத்துக்கொண்டது.
சுவிட்சின் மேல் அந்தத் தாளைக்
கழற்ற யாருக்கும் நினைவில்லை.
எல்லா அறைகளிலும் மெயினை அணைத்துக்கொண்டே
ஒன்று-பிக்கு வந்தேன்.
வாசித்தேன்.
வெறும் பிளக்தான், எதுவும் செருகியில்லை.
அப்படியே விட்டுவிட்டு
கதவை மட்டும் பூட்டினேன்.