ஐந்து பேர் வரை இலவசம்

ஐந்து பேர் வரை இலவசம் என்றது முதலாவது.
நாங்கள் ஆறு பேர்.
பதினான்கு நாள் பாவித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று
பெரியகடைப் புடைவை வியாபாரி போல
விரித்து விரித்துக் காட்டியது இரண்டாவது.
மூன்றாவது விலையைச் சொல்லவேயில்லை.
தொடர்புகொள்ளட்டாம்.

கொக்குவிலில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கூரைகளுக்குச் சூரியத்தகடு பூட்டுகிற கம்பனி.
இதுவரை எங்கள் மென்பொருள்
சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப்பலகை.
மார்கழி மழை கூரையால் ஒழுகி
காரைநகரும் கைதடியும் ஒரே நீலமாய்க் கரைந்த அன்று
கஜீபன் அண்ணை சொன்னார்:
'உது சரிவராது. ஒரு சொவ்ற்வெயார் எடுப்பம்.'
தேடுவது என் வேலை ஆயிற்று.
என்னுடைய லப்டொப்பில்தான் சார்ஜ் நிற்கும்.

ஆறில் எவரை விடுவது?
வான் ஓடும் றமீஸை எடுத்தால்
ஒரு தகடும் கூரை ஏறாது.
லக்சிகாவை எடுத்தால் சம்பளம் வராது.
தவநேசன் இல்லாவிட்டால்
மின்சாரசபைக் கதிரையில் யார் போய்க் குந்தியிருப்பது?
கஜீபன் அண்ணையை எடுத்துப் பார்த்தேன்.
எல்லாம் ஒழுங்காக ஓடியது.
(இதை அவருக்குச் சொல்லவில்லை.)

ஆகவே இரண்டாவது.
யூட் டினோஜனுக்குப் பழக்கினேன்:
தொடங்கினால் அட்டையை இந்த நிரலுக்கு இழு,
முடிந்தால் அந்த நிரலுக்கு.
ஊர்காவற்றுறையில் ஓட்டின்மேல் நின்று
ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி இழுத்திருக்கிறான்.
வியர்த்த விரலுக்கு அட்டை அசையவில்லை.
பதிலாக ஒரு குரல்பதிவு வந்தது,
முக்கால்வாசி காற்று. மிச்சம்:
'அக்கா, நாலு தகடு பூட்டியாச்சு.
வீட்டுக்காரர் மோர் தந்தவை.
ஏணிக்குக் கீழ நாய் படுத்திருக்கு,
அது எழும்பினாத்தான் நான் இறங்கலாம்.'

'தடைப்பட்டுள்ளது' என்று ஒரு சிவப்புக் கொடி உண்டு.
போட்டேன்.
காரணம்: நாய்.
ஆறு பேருக்கும் அறிவித்தல் போயிற்று.
ஐந்து பேர் சிரிப்பு முகம் அனுப்பினோம்.
றமீஸ் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வானைத் திருப்பினான்.

பன்னிரண்டாம் நாள்
பழைய எக்செல் கோப்பை ஏற்றியபோது
ஏழாவதாக ஒருவன் எழுந்து வந்தான்.
சத்தியரூபன்.
சித்திரையில் விலகி
பலாலி வீதிக் கம்பனியில் சேர்ந்தவன்.
இன்றும் ஒரே கடையில்தான் ரோல்ஸ் வாங்குகிறோம்,
கண்ணாடிப்பெட்டியைப் பார்த்தபடி.

நீக்கு என்று அழுத்தினேன்.
இவர் பெயரில் முடியாத வேலைகள் ஒன்பது,
யாருக்கு மாற்ற? என்று கேட்டது.
எட்டை மாற்றினேன்.
ஒன்பதாவது:
'ஏர்த் வயர் திரும்பப் பார்க்கவேணும்.
சுதுமலை, பச்சைக் கேற் வீடு.'
திகதி, போன பங்குனி.

பலகையில் அதை யார் அழித்தது?
பச்சைக் கேற் வீட்டில் இரண்டு சின்னப்பிள்ளைகள்.
மொட்டைமாடியில்தான் உடுப்புக் காயப்போடுவார்கள்.
பத்து மாதத்துக்குப் பிறகு
அவன் நம்பரை அழுத்தினேன்.

'அதோ? அது செய்திட்டன்.
விலகினாப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனனான்.
உங்களுக்குச் சொல்ல
எனக்கு ஒரு மாதிரிக் கிடந்தது.'
பின்னால் அவர்களுடைய துளைகருவி இரைந்தது.
'வேற ஏதுமோ?'
வேறு ஏதும் இல்லை என்றேன்.

அட்டையை 'முடிந்தது' நிரலுக்கு இழுத்தேன்.
முடித்தவர் என்ற இடத்தில்
அவன் பெயரை அதுவே எழுதிக்கொண்டது.
அவனை நீக்கினால்
'அறியப்படாத பாவனையாளர்' என்று மாறிவிடுமாம்.

நாளையோடு பதினான்கு நாள்.
காசு கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
கஜீபன் அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
'ஆறு பேருக்கு ஏனடி பிள்ளை
ஏழு பேரின்ரை கணக்குக் காட்டுது?'

பாப்பம் அண்ணை, என்கிறேன்.