வரை

பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்தில்
ஏணி போட்டு அந்தப் பேனரைக் கட்டியவன் நான்தான்.
‘நொடிக்கு நூறு எம்பி’
முக்கால் மைல் தள்ளி வரும்போதே கண்ணில் படும்.
கிட்டே வந்து கழுத்தை ஒடித்தால்தான்
எறும்பு ஊர்ந்தது போல அதன் பின்னால்
ஒரு ‘வரை’.

அதுவும் இறங்குவதற்கு.
ஏற்றுவதைப் பற்றிப் பேனரில்
மூச்சே இல்லை.

உமையாள் போன் போட்டாள்.
கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள்.
நாற்பத்திரண்டு ஜிபி, பினாங்குக்குப் போகணும்.
‘நேத்து ராத்திரி ஏத்த ஆரம்பிச்சேன்,
விடிஞ்சு பாத்தா பதினோரு சதவீதம்.
பொண்ணுக்கு வளைகாப்பு நாள் குறிச்சிருவாங்க,
அதுக்குள்ளயாவது தாலி கட்டுறது போய்ச் சேருமாண்ணே?’

ஒரே கம்பியில்தான் வருவதும் போவதும் என்றேன்.
வருவதற்குத் தேரோடும் வீதி.
போவதற்கு
அஞ்சு மெகாஹெர்ட்ஸில் நுழைந்து
அறுபத்தைந்தில் முட்டிக்கொள்ளும் சந்து.
டிவி பார்க்கப் போட்ட கம்பி இது;
பார்க்கிறவர்கள் ஒருநாள்
திருப்பிப் பேசுவார்கள் என்று
போட்டவர் யாரும் நினைக்கவில்லை.
வரும்போது ஒருவர் பேச ஊரே கேட்கிறது.
போகும்போது ஊரே பேச
ஒருவர் கேட்க வேண்டும்.
நடுவில் கிரைண்டர் பேசும், போர் மோட்டார் பேசும்,
வெல்டிங் பட்டறை கத்தும்.

‘அதெல்லாம் சரி, எப்ப சரியாகும்?’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு
கம்பம் கம்பமாக ஏறினேன்.
ஒவ்வொரு வீட்டுக் கம்பியாய்ப் பிடுங்குவது,
திரையைப் பார்ப்பது, திரும்பச் சொருகுவது.
‘சீரியல் போச்சு’ என்று கீழிருந்து ஒரு குரல்.
பெயின்ட் உரிந்த ஏழாவது கம்பத்தில்
நான்காவது முனையைக் கழற்றியதும்
கொதித்துக்கொண்டிருந்த அலை
பாலில் தண்ணீர் தெளித்தாற்போல அடங்கியது.

அந்த வீட்டில் ஆள் இல்லை.
எட்டு வருடமாய் பில் இல்லை, அதனால் புகாரும் இல்லை.
சந்தா பட்டியலில் பெயரை வெட்டியவர்கள்
கம்பியை வெட்டவில்லை.

சாவி வைத்திருந்த கருத்தப்பாண்டி
பின்வாசல் வழியாய் விட்டார்.
டார்ச் வெளிச்சத்தில் கம்பியோடு நடந்தேன்:
முகப்பில் நுழைந்து, வளவைச் சுற்றி,
இரண்டாங்கட்டுத் தூண்களில் ஆணி ஆணியாய்த் தாவி
அடுத்த தெரு எட்டும் தூரத்தில்
சமையல்கட்டுச் சுவரில் முடிந்தது.
டிவி இல்லை. பெட்டி இல்லை.
செம்பு நரம்பு நீட்டிய மொட்டை முனை
கேட்பாரில்லாமல்
கேட்டுக்கொண்டே இருந்தது.
பக்கத்து வீட்டு மிக்சி, எதிர்வீட்டு மோட்டார்,
எல்லாவற்றையும் கேட்டு
உமையாளின் கல்யாணத்துக்கு மேல்
கொட்டிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ரூபாய் மூடி.
நெல்லிக்கொட்டை அளவு.
மூன்று திருகு.

ஒன்று, ஒன்றே கால் என்று முக்கியது
ஒன்பதைத் தொட்டது.
‘அண்ணே, ஊர்வலம் வந்துட்டாங்க’ என்று
குறுஞ்செய்தி அனுப்பினாள், முப்பது சதவீதத்தில்.

முதலாளி பெத்தபெருமாள் அண்ணனுக்கு
அன்றைக்கு டீ இனித்தது.
‘அப்ப பேனர மாத்திருவோம்.
ஏத்தமும் அம்பதுன்னு போட்டா என்ன?’

முடியாததில்லை என்றேன்.
சந்தின் சுவரை இடித்து
வீதியில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.
இருபத்து மூன்று கம்பத்து ஆம்ப்ளிஃபையரையும் மாற்றணும்,
தலைமுனைப் பெட்டியை மாற்றணும்,
வீட்டு மோடம்களில் பாதியை மாற்றணும்,
கீழ் வரிசை சேனல்களுக்கு வேறு இடம் பார்க்கணும்,
அப்புறம் இந்த மாதிரிப் பூட்டிய வீடுகள்
எத்தனை என்று எண்ணணும்.

கால்குலேட்டரைத் தட்டினார்.
டீயில் ஆடை படிந்தது.
‘அம்பது வரைன்னு போட்டுக்கலாமே,
வரைக்கு என்ன செலவு?’

பேனர் மாற்ற என்னைத்தான் அனுப்பினார்.
புதுசு இன்னும் அச்சாகி வரவில்லை.
பழையதின் அடியில், ஏணியில் நின்றபடி,
கறுப்பு மார்க்கரால் எழுதினேன்:

ஏற்றம் ஒன்பது.

அண்ணன் பார்க்கும் வரை
அது அங்கே இருக்கும்.