பன்னிரண்டு காலி வானங்கள்

பிப்ரவரியில் தார்ட்டு நகரத்தில்
மை நகராது.
கத்தியைச் செருகினால்
சேற்றில் படுத்த எருமைபோல் அடம் பிடிக்கும்.
ஹீட்டர்மேல் இரண்டு டப்பாக்களை வைத்துவிட்டுக்
காத்திருக்கிறேன்.

எலும்புக் கரியில் அரைத்தது ஒன்று,
திராட்சைக்கொடிக் கரியில் அரைத்தது மற்றொன்று.
இரண்டும் கறுப்புதானே என்பார்கள்,
கறுப்போடு குடித்தனம் நடத்தாதவர்கள்.
முன்னதில் ஒரு சூடு இருக்கும், அடுப்படிச் சூடு.
பின்னது நீலத்தை மடியில் ஒளித்துவைத்திருக்கும்.

ராய்வோ கொண்டுவந்தது உறைந்த ஆறு.
செப்புத் தகட்டில் மூன்று மாதம் கீறி,
அமிலத்தில் கிடத்தி எடுத்து,
குளியல் துண்டில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்து.
பன்னிரண்டு பிரதி; பன்னிரண்டும் ஒன்றேபோல.
“வானத்தில் எதுவும் இருக்கக் கூடாது”
என்றதோடு சரி.

ஆகவே கொடிக்கரி.
ஆளி எண்ணெய் மூன்று சொட்டு;
நான்காவது விழுந்திருந்தால் ஆறு உருகியிருக்கும்.

பசை கூடிய தாள் ஒரு மணி நேரம் ஊறினாலும்
உள்ளே யாரையும் விடாது.
பசை குறைந்தது தொட்டவுடன் அழும்,
ஓரம் பிய்ந்து கையோடு வரும்.
இடைப்பட்ட பருத்தித் தாளை நேற்றிரவே நனைத்து
ஒற்றுத்தாள்களுக்கு நடுவே தூங்கவைத்தேன்.
காலையில் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்:
குளிர வேண்டும்,
ஈரம் ஒட்டக் கூடாது.

துடைக்கும் துணிதான் தீர்ந்துவிட்டது.
ஹெல்சின்கிப் பார்சல் எந்தத் துறைமுகத்தில் தூங்குகிறதோ.
அடுத்த மேசை ஊர்வே
பழைய சாமான் கடையிலிருந்து
பூப்போட்ட வலைத் திரைச்சீலை வாங்கிவந்தாள்.
கஞ்சி விறைப்பு.
புதுத் துணி முரட்டுக்காரன்,
கீறலுக்குள் கைவிட்டு மையைப் பிடுங்கிவிடும்.
கசக்கினோம், பழைய தகட்டில் தேய்த்து அழுக்காக்கினோம்.
அழுக்கேறிய பிறகுதான்
எதை விட்டுவைப்பது என்று அதற்குப் பிடிபட்டது.

அடுத்தது தொலைபேசிப் புத்தகம்.
மஞ்சள் பக்கங்கள் உதவாது:
பல் வைத்தியர், பூட்டு ரிப்பேர், எல்லாம் வழவழப்பு.
பெயர்கள் அச்சிட்ட மட்டமான தாள்தான்
மையை உறிஞ்சும்.
கிழித்து, தட்டையாக விரித்து, உள்ளங்கைக்கடியில் வைத்து
வானத்தின்மேல் வட்டமிட்டேன்.
கடைசியாக வெறுங்கை, கொஞ்சம் சுண்ணத்தூள்.

கம்பளிக்கடியில் தகடு உருண்டது.
தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தேன்.

வானத்தில் பிறைபோல் ஒரு கறை.

காலையில் ஹீட்டரில் சுட்டுக்கொண்ட கொப்புளம்;
கை அந்த இடத்தை மட்டும் தொடாமல் தாண்டியிருக்கிறது.

ராய்வோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
“இது என்ன?”
“என் கை.”
வெகுநேரம் நின்றார்.
வைத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.
“எடுத்துவிடுங்கள்.”

வலது கைக்கு விடுப்பு கொடுத்து
இடது கையால் துடைத்தேன்.
கைவிட்டுக் கை மாறியதில் இரண்டு பிரதி வீண்.
அதன்பின் வானம் வானமாகவே வந்தது,
ஒன்று, ஐந்து, பன்னிரண்டு.
பென்சிலில் கையெழுத்திட்டார்,
கழித்த மூன்றையும் கிழிக்கச் சொன்னார், கிழித்தேன்.
துடைக்க உதவுமா என்று பார்த்தேன்,
உதவவில்லை. நல்ல தாள்.

மாலையில் மிஞ்சிய மையைப்
பிளாஸ்டிக் பலகையில் உருட்டினாள் ஊர்வே.
திரைச்சீலையை அப்படியே அதன்மேல் போட்டு அழுத்தி எடுத்தாள்.
மிஞ்சிய மையில் யாரோ வீட்டு ஜன்னல் பூக்கள்.
ஒரே ஒரு பிரதிதான் வரும்.
இன்னொரு தாள் வைத்து உருட்டினால்
வெளிறிய மிச்சம் ஒன்று.
“முதலாவது விற்பனைக்கு,” என்றாள்.
இரண்டாவதைப் பற்றிச் சொல்லவில்லை.

தரையெல்லாம் கசங்கிய பக்கங்கள்.
பிரித்தேன்:
கஸ்க், கங்ரோ, கெர்ஸ்னா.
ஒரு தெரு முழுக்க ஆட்கள்,
எண்கள் பாதிவரை கறுத்து.
ஒரு வானத்துக்கு ஒரு பக்கம் போதவில்லை.

சமையல் எண்ணெயில் கை கழுவினேன்,
பிறகு சோப்பு, பிறகு மறுபடி எண்ணெய்.
ரசீது எழுதினேன்:
மை. தாள். திரைச்சீலை இரண்டு யூரோ.
தொலைபேசிப் புத்தகம்
சும்மா வந்தது.