தொட்டிக்குள் இருபத்திமூன்று பேர்

மிஷன் வீதிக் கடையில் நூற்றி நாற்பது ரூபாய்.
தயிருக்கும் சீஸுக்கும் நடுவே
குளிரில் நின்றுகொண்டிருந்தது.
பில் போடும் பெண் அதையும் சாய்த்துப் பிடித்துத்தான்
கோடுகளைத் தேடினாள்.
கல்லாமேல் கொஞ்சம் மண்.

இது நான்காவது பேசில்.
முதலாவது என் பாசத்தால் செத்தது:
காலை ஒரு குவளை, மாலை ஒரு குவளை.
இரண்டாவது, நான் காரைக்கால் போய்த் திரும்பிய மூன்று நாளில்.
மூன்றாவது ஏன் போனதென்றே தெரியவில்லை.
நுனி கருகி, மண்ணின்மேல்
வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.

வைத்திக்குப்பத்தில் குழாயைத் திறந்தால்
கடல்தான் கொஞ்சம் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது.
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
எங்களுக்குப் பழகிவிட்டது.
இலைக்கு யார் சொல்வது?

"கேன் தண்ணியவா செடிக்கு ஊத்துறீங்க?" என்றான் பூவரசன்.
கேனை இறக்கிவிட்டு, குனிந்து
ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தான்.
"இது திருநீத்துப்பச்சைக்கா.
எங்க தவளக்குப்பத்துல வாய்க்கா மேட்டுல சும்மா கெடக்கும்."
சும்மாவுக்கும் நூற்றி நாற்பதுக்கும் நடுவில்
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
காலிக் கேனை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி தொட்டியைக் கவிழ்த்தேன்.
ஒரு செடி என்று சொல்லி விற்றார்கள்.
எண்ணினேன், இருபத்திமூன்று.
அலமாரியில் அடர்த்தியாய்த் தெரிய
விதையை அள்ளி இறைத்திருக்கிறார்கள்.
ஒன்றின் வேர் இன்னொன்றின் கழுத்தில்.
சைதாப்பேட்டை விடுதியில்
ஓர் அறைக்கு ஒன்பது பேர் இருந்தோம்.
விடியுமுன்னே எங்கள் பக்கெட்டுகள்
வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

வாளித் தண்ணீரில் அலசி அலசிப் பிரித்தேன்,
பேன் பார்க்கும் பொறுமையோடு.
ஆறு, கையிலேயே முறிந்தன.
அவற்றை ரசத்தில் போட்டேன்.
ரசம் இருமல் மருந்துபோல் இருந்தது. குடித்தேன்.
மீதிப் பதினேழுக்கும் வீடு தேடினேன்:
ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா,
தம்பி விட்டுப்போன பீர் குவளை.
குவளையில் மட்டும் ஓட்டை போட முடியவில்லை.
முதலில் அழுகியது அதில் இருந்ததுதான்.

மேல்மாடி வியாகுலமேரி வீட்டு ஏ.சி.
மகன் துலூஸிலிருந்து பணம் அனுப்பிப் போட்டது,
இரண்டு வருஷமாய் என் பால்கனியில் சொட்டுகிறது.
வீட்டுக்காரருக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.
ஒருமுறை மாடிப்படியில் நின்று
குரலையும் உயர்த்தியிருக்கிறேன்.
இப்போது சொட்டுகிற இடத்தில் என் நீல பக்கெட்.
சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பில்லை.

தட்டில் ஊற்றிவைத்தால் மண் கீழிருந்து குடிக்கிறது.
இலை ஜோடிக்கு மேலே நுனியைக் கிள்ளுகிறேன்.
கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை.
மொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிடுகிறேன்,
பூத்தால் முடிந்துபோகுமாம்.
கொஞ்சம் கொடுமைதான்.

கார்த்திகையில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கரண்ட் இல்லை, காற்றிலும் உப்பு.
பதினோரு டப்பாக்களையும் குளியலறைக்குள் அடுக்கினேன்.
இரண்டு நாள், மெழுகுவத்தி வெளிச்சத்தில்,
அவற்றின்மேல் சோப்புத் தெறிக்காமல்
ஒருக்களித்து நின்று குளித்தேன்.

மூன்றாம் நாள் கதவைத் தட்டினார் வியாகுலமேரி.
கடிதங்களைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.
"மெஷின் ஓடலியே, செடிக்கு என்ன பண்றே?"
மேலிருந்து என் பக்கெட்டை
எத்தனை நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.
ஒரு கைப்பிடி கிள்ளிக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழி. போர்வைக்குள் கால் சில்லென்றிருக்கிறது.
இந்தக் குளிரில் யார் ஏ.சி. போடுவார்கள்?
ராத்திரி இரண்டு மணி.
டொக்.
கொஞ்ச நேரம் கழித்து, டொக்.

அவருக்கு ராத்திரியானால் உடம்பு எரியுமாம்,
பூவரசன் சொன்னான்.
இருக்கலாம்.
பக்கெட்டை நான் நகர்த்தவில்லை.